மூடிக் கிடந்த தொட்டி

அறிவியல் டீச்சருக்குப் பேய் என்ற சொல்லே எரிச்சல். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஏதாவது சமூகசேவை செய்யவேண்டும் என்பது பள்ளியின் விதி. போன ஆண்டு பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். "வெயில்ல நடந்ததுதான் சேவையா?" என்று டீச்சர் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு, நூலகத்தின் பின்னால் மூடிக் கிடந்த நிலத்தடித் தொட்டியை இந்த ஆண்டுச் சேவைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் மழைநீர் பிடிப்பது திட்டம்.

அந்தத் தொட்டியில் பேய் இருக்கிறது என்றது தெரு. முன்பொருமுறை துப்புரவு செய்ய இறங்கியவன் ஏறவில்லை. அவனைத் தூக்க இறங்கிய அவன் மச்சானும் ஏறவில்லை. பேயின்மேல் பழியைப் போட்டால், முகமூடிகூடக் கொடுக்காமல் இறக்கிவிட்டவனைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

"காலைப் பிடிச்சு இழுக்குது டீச்சர். விளையாடாதீங்க," என்றார் தேநீர்க் கடைக்காரர்.

"உங்க டீயைவிடவா பயங்கரம்?" என்று சிரித்துவிட்டு வந்தார் டீச்சர். வகுப்பில் அடித்துச் சொன்னார்: "பேயும் இல்ல, பூதமும் இல்ல. சும்மா கதை விடறாங்க." பிள்ளைகள் கைதட்டினார்கள். வகுப்பே ‘வாலு’ என்று கூப்பிடும் குறும்புக்காரிதான் பலமாகத் தட்டினாள்.

முதல் நாள் தொட்டியைச் சுற்றியிருந்த புதரை வெட்டுவது மட்டும்தான் வேலை. மூடியை நகராட்சி ஆட்கள் வந்து திறப்பதாக ஏற்பாடு. கையுறைகளை எடுத்துவர டீச்சர் நூலகத்துக்குள் போனார். திரும்பி வந்தபோது மூடி ஒருபக்கம் தள்ளிக் கிடந்தது. பிள்ளைகள் சத்தமில்லாமல் சுற்றி நின்றார்கள். சத்தமில்லாத ஏழாம் வகுப்பை அவர் பார்த்ததே இல்லை.

"டீச்சர், வாலு பேச மாட்டேங்குறா," என்றாள் கண்ணாடி போட்டவள். "பேய் இல்லைன்னு காட்டறேன்னு எறங்கினா. நான்தான் பயந்துபோய் வாளிக் கயிறை அவ இடுப்புல கட்டிவிட்டேன்."

டீச்சர் குனிந்தார். இரும்புப் படிகளின் அடியில் வெள்ளைச் சட்டை சுருண்டு கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் கால் தானாகவே முதல் படியைத் துழாவியது. அப்போதுதான் அந்த மச்சான் ஞாபகம் வந்தான். அவனும் இப்படித்தான் கால் வைத்திருப்பான்.

காலை வெளியே இழுத்துக்கொண்டார். கண்ணாடி போட்டவள் குழிக்குள் பாயப் போனாள். டீச்சர் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க டீச்சர்! செத்துருவா!"

"எறங்கினா நீயும் சாவே! கயிறை இழு! எல்லாரும் இழுங்கடா!"

வகுப்பே இழுத்தது. ஒருமுறை வாலுவின் தோள் எங்கோ சிக்கிக் கயிறு அசையாமல் நின்றது. அந்த நேரத்தில், யாரையாவது வேண்டிக்கொள்ளத் தெரிந்திருக்கலாமே என்றுகூட டீச்சருக்குத் தோன்றியது. பிறகு கயிறு அசைந்தது. உதடு நீலமாக வெளியே வந்தாள் வாலு. டீச்சர் வாயோடு வாய் வைத்து ஊதினார். மீண்டும் மீண்டும் ஊதினார். ஒரு இருமல் வந்தது.

மருத்துவமனை நடையில் தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். "வழுக்கி விழுந்துட்டாள்னு சொல்லிருவோம் டீச்சர். தொட்டிப் பேச்சு எதுக்கு?"

"பேய் போய் வழுக்கல் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார் டீச்சர்.

கட்டிலருகே வாலுவின் அம்மா, ரொட்டிக் கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றிருந்தார். வாலு கண் திறந்தாள்.

"பேய் இல்ல டீச்சர். நல்லாப் பாத்தேன்."

"இல்லம்மா."

"அப்ப என்னை எது தள்ளுச்சு?"

"விஷ வாயு. மூடிக் கிடந்த எடத்துல சேரும். அந்த ரெண்டு பேரையும் அதுதான் கொன்னுச்சு."

"உங்களுக்கு அது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பேய் இல்லைன்னு மட்டும் சொன்னீங்க," என்றாள் வாலு. "இதையும் சொல்லியிருந்தா நான் ஏன் எறங்கப் போறேன்?"

அம்மா திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலை குனியாமல் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டார்.