முனிக்குப் போட்ட வெளிநாட்டு ஜிங்க்

உங்கள் ஊர் ஆலை நொடித்தால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? முதலாளியையா, சந்தையையா, சாமியையா? மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு தகட்டு ஆலையின் ஆட்கள் ஷாமளாவைச் சொன்னார்கள்.

ஷாமளா பக்கத்து ஊரான மாசாய்க்காரர். கூரைக்குப் போடும் ஜிங்க் தகடு செய்கிற அந்த ஆலையில், டன் கணக்கில் கனக்கும் எஃகுச் சுருள்களைத் தூக்கி வைக்கும் கிரேனை ஓட்டுபவர். ஒரு பெண்ணைக் கிரேனின் கூண்டில் ஏற்ற ஆலை தயங்கியது, ஏறியவர் இறங்கவில்லை. தொழிற்சங்கக் கமிட்டியிலும் இருந்தார். ஆலை வாசலில் லாரி திரும்புகிற இடத்தில் ஒரு முனியாண்டி கோயில். அதன் மறைவில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் லாரியில் அடிபட்ட பிறகு, கோயிலை வேலியோரம் நகர்த்த வைத்தவர் இவர்தான்.

அதன் பிறகு ஆர்டர்கள் குறைந்தன. வெளிநாட்டுத் தகடு அடிமாட்டு விலைக்கு வந்து குவிந்தது. இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார்கள். ஷாமளாவின் ஷிப்ட் அது.

"முனிய அசைச்சா சும்மா வுடுமா? அனுபவிங்க லா!" என்றார் மேஸ்திரி தங்கராஜு. முனியைக் குளிர்விக்க, புது இடத்தில் அவரே முன்னின்று பெரிய கூரை போட்டார்.

பூசையன்று ஷாமளா அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, இது யாரு செஞ்ச ஜிங்க்?"

"கடையில மலிவா இருந்துச்சு, எடுத்தேன்."

"அதுல என்ன அச்சடிச்சிருக்கு, படிங்க."

தகட்டின் அடியில் வேற்று நாட்டு ஆலையின் பெயர்.

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தங்கராஜு. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஜிங்க் செய்ற நாமளே முனிக்கு வெளிநாட்டு ஜிங்க் போட்டா, ஊர்க்காரங்க எதை வாங்குவாங்க? கோவம் முனிக்கு இல்லண்ணே. கோளாறு விலையில இருக்கு."

அப்போது அரசு இந்த மலிவு இறக்குமதியை விசாரித்துக்கொண்டிருந்தது. ஆலைக்காரர்கள் தங்கள் நஷ்டத்தைச் சொல்லியிருந்தார்கள். வேலை போனவர்களின் கஷ்டத்தை யார் சொல்வது? சங்கம் ஷாமளாவைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. அவர் விசாரணையில் அதைச் சொல்லிவிட்டு வந்தார். சில மாதங்களில் அந்தத் தகடுகளுக்குக் கூடுதல் வரி விழுந்தது. ஆர்டர்கள் திரும்பின, ஷிப்டும் திரும்பியது.

"பாத்தியாம்மா, முனி மன்னிச்சிட்டாரு," என்றார் தங்கராஜு.

"அப்போ அடுத்த தடவ மினிஸ்ட்ரிக்கு அவரையே அனுப்புங்க. பஸ்ல போய் எனக்கு முதுகு போச்சு!"

இன்று ஷாமளா மறுபடியும் கூண்டில் இருக்கிறார். சுருள் அலுங்காமல் அதன் இடத்தில் உட்காரும்போது தமக்குத் தாமே தலையாட்டிக்கொள்கிறார். அவர் நிறைவாகத்தான் இருக்கிறார். ஆனால் அவரோடு நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் பலரை ஆலை இன்னும் கூப்பிடவில்லை. வரியால் தகட்டின் விலை ஏறியது. கூரை போடுகிற நாமெல்லாம் அதைக் கொடுக்கிறோம். நம் காசில் பிழைத்த ஆலை நம் ஆட்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவது அநியாயம் இல்லையா? உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். வரியின் நிழலில் வாழும் ஆலை, தான் நிறுத்தியவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லுங்கள்.