என் கைக்குப் பழகின மெஷின்

வல்லம் வடகால்ல பாக்டீரியா வளர்த்து நொதி எடுக்கிற ஒரு கம்பெனி. அதோட லேப்ல எனக்கு வேலை. சாம்பிளை ஒரு சொட்டு எடுத்துத் தட்டுல தடவி, காயவெச்சு, அகச்சிவப்புக் கதிர் மெஷின்ல வெப்பேன். திரையில ஒரு கோடு ஏறி இறங்கி ஓடும். அந்தக் கோட்டைப் படிச்சு, தேறினதுக்குப் பச்சை, தேறாததுக்குச் சிவப்புன்னு கணக்குப் போட்டுச் சொல்ல கம்ப்யூட்டர்ல ஒரு மாடல். அந்த மாடலுக்குப் பாடம் கத்துக்கொடுக்க மாசக்கணக்கா சாம்பிள் தடவினவ நான் ஒருத்திதான். அப்போ பெருமையா இருந்துச்சு. பெரிய பெருமை, போங்க!

ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குப் படப்பை கோயில்ல புதுநன்மை. முதல் தடவையா நற்கருணை வாங்கப்போறா. லீவு கேட்டுட்டு, எனக்குப் பதிலா ஜூனியர் பொண்ணைப் பழக்கினேன். அவ தடவினது மொத்தமும் சிவப்பு. அதே சாம்பிளை நான் தடவினா பாதிக்குமேல பச்சை.

"அக்கா, இன்னா பண்ணாலும் செவப்பாத்தான் கீது"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா.

"உனக்குக் கைராசிம்மா"ன்னு என்னைப் பாத்துச் சொன்னாரு மேனேஜர்.

ராசியாவது மண்ணாங்கட்டியாவது! நான் மெல்லிசா தடவுவேன், சட்டுனு காஞ்சிடும். அவ தடவுறது தடிப்பு, ஈரம் நிக்கும். ஈரம் இருந்தா கோடே மாறிப்போகும். மாடல் பாக்டீரியாவோட சேர்த்து என் கையையும் கத்துக்கிச்சு. எல்லாரையும் தடவவெச்சு மாடலுக்கு மறுபடி பாடம் நடத்தணும் சார்னு சொன்னேன்.

"கரெக்ட்தான். ஆடிட் முடியட்டும். அதுவரைக்கும் நீ லீவு போடாத."

ஞாயித்துக்கிழமை வர்ற சாம்பிள் திங்கள் வரைக்கும் தாங்காது. என் சம்பளத்துலதான் வூடு ஓடுது. சரி சார்னு தலையாட்டிட்டு வந்தேன்.

பூசை நேரத்துல, திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல் ரூம்ல தடவிக்கினு இருந்தேன். போன் லாக்கர்ல. ஒவ்வொரு பச்சை விழும்போதும் அந்த மெஷினை எட்டி உதைக்கணும்போல ஆத்திரம். வேணும்னே தடிப்பா தடவலாமான்னுகூட நெனச்சேன். கை கேக்கல.

மத்தியானம் வூட்டுக்கு வந்தா, என் பொண்ணு வெள்ளை கவுனைக் கழட்டாம உக்காந்திருந்தா.

"நீ இல்லன்னா அந்த மெஷினுக்கு இன்னாம்மா ஆவும்?"

"அதுக்கு என் கை மட்டுந்தான் பழக்கம், கண்ணு."

"எனக்கும்தான். அத்தை ஜடையை இறுக்கிப் பின்னிட்டாங்க. பூசை முழுக்க வலிச்சுது."

பதறிப்போய் ரிப்பனை அவுக்கப் போனேன். தலையை இழுத்துக்கிட்டா.

"இனிமே எதுக்கு? எல்லாம் முடிஞ்சுபோச்சு."