ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே

எண்பதுகளின் தொடக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்தோம். பல்கலைக்கழக அலுவலகத்தில் பரீட்சைப் பிரிவில் எனக்குக் குமாஸ்தா வேலை. விடைத்தாள்களை எண்ணி, கட்டாகக் கட்டி, சீல் வைத்து அனுப்புவதுதான் மொத்த உத்தியோகமும். உசிலம்பட்டிப் பக்கத்து என் மனைவி வீட்டு ஆட்களுக்கு இது தெரியாது. தெரியவைக்கும் அவசரம் எனக்கும் இருந்ததில்லை. “மாப்ள யுனிவர்சிட்டில இருக்காக” என்பார்கள். யுனிவர்சிட்டியில் இருக்கிறவனுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தெரியாதா என்ன? ஏப்ரல் முடிந்து வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கியதும், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று கேட்டு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். மதுரைக்குள் இருந்த அந்த அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேதான் படித்தாள். பெரிய பள்ளி. காலையில் மணி அடிக்கும்போது உள்ளே போகிற கூட்டத்தைப் பார்த்தால் திருவிழா போல இருக்கும். பரீட்சை முடிவு வந்தால் ஊரில் பேச்சு அந்தப் பள்ளியைப் பற்றித்தான்.

வாயால் சொல்லி அனுப்புவதோடு நான் விடமாட்டேன். கேட்க வந்தவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவேன். ஒரு பள்ளிக்கூடத்தை எடைபோட என்னிடம் தனி வழி இருந்தது. முதலில் கக்கூஸ் பக்கம் போய் மூக்கை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். அடுத்தது தண்ணீர்க் குழாய். எத்தனை இருக்கிறது, எத்தனையில் தண்ணீர் வருகிறது. பிறகு சோதனைக்கூடத்துக் கண்ணாடி அலமாரி. அதில் தூசி படிந்திருந்தால் அது காட்சிக்கு வைத்தது, பிள்ளைகள் தொட்டதில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் நான் விரல் நீட்டிச் சொல்லும்போது கூட வந்தவர் வாய் பிளந்து கேட்பார். கடைசியாக வாசலில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விவரம் எழுதிய பலகை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். அதில் இருந்ததைப் படித்துக் காட்டமாட்டேன். அவரே படிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பேன். அம்புட்டு கெத்து எனக்கு.

எல்லாவற்றையும் எண்ணிய நான் ஒன்றை எண்ணவில்லை. ஒன்பதாம் வகுப்பு ‘எஃப்’ பிரிவு வரை இருந்தது. பத்தாம் வகுப்பு ‘டி’யோடு முடிந்துவிட்டது. நடுவில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? எண்ணுவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது கண்ணில் படவில்லை. என் மகள் ‘எஃப்’பில் இருந்தாள். பெயர் வரிசைப்படி பிரித்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

யாரும் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. என் மகள் எட்டாவது முடித்த மே மாதம் சோழவந்தானிலிருந்து ஒருவர் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். என் பேச்சைக் கேட்டு மகளை அங்கே சேர்த்தவர். ஒன்பதாவது முடிந்ததும் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லி அந்தக் காகிதத்தை என் முன்னால் விரித்தார். நான் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “பிள்ளை படிக்கணும்ல அண்ணே. படிக்கலேன்னா ஸ்கூல் என்ன செய்யும்?” என்று கேட்டேன். மனிதர் காகிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அடுத்த மே மாதம் தலைமையாசிரியையிடமிருந்து எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. மகளோடு வந்து நேரில் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல இன்றும் கூசுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் எனக்கு ஏதோ பதவி தரப்போகிறார்கள் என்று நினைத்தேன். இத்தனை பிள்ளைகளைச் சேர்த்துவிட்டிருக்கிறேனே. சட்டையைத் தேய்க்கக் கொடுத்தேன். என் மனைவியின் அண்ணன் தன் மகளை அங்கே ஒன்பதாவதில் சேர்க்க ஆசைப்பட்டு இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தங்கி, என் மகளோடு சேர்ந்து போய் வரட்டும் என்பது ஏற்பாடு. “ஹெச்செம் அம்மாவே கூப்புட்டிருக்காங்க மச்சான். அன்னைக்கே பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, கையோட சேத்துருவோம்” என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன்.

பொறியை நானே செய்து, நானே தேங்காய்ச் சில்லும் வைத்துவிட்டேன்.

மச்சான் முதல் பஸ்ஸில் மகளோடு வந்து சேர்ந்தார். பள்ளியில் வேப்பமரத்தடியில் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, என் மகளைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் போனேன். அந்த அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“சார், வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. பாப்பாவுக்குக் கணக்கும் இங்கிலீஷும் வரலை. பத்தாவதுக்கு அனுப்ப முடியாது. இங்கேயே இருந்தா ஃபெயில்னுதான் போடணும். நீங்களா டி.சி. கேட்டு எழுதிக் குடுத்தா, பாஸ்னு போட்டுத் தாரேன். வேற ஸ்கூல்ல பத்தாவது சேத்துக்குவாங்க.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், “ஒரு வருஷம் டியூஷன் வச்சுப் பாக்குறேன் டீச்சர்” என்றேன்.

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பத்தாவதுல பிள்ளைங்க விழுந்தா மேல இருந்து என்னையத்தான் கேக்குறாங்க. வாசல்ல அப்படி ஒரு போர்டு எழுதி வச்சாச்சு. இனிமே இறங்க முடியாது சார்.” களைத்துப்போன குரலில்தான் சொன்னார். எனக்குக் கோபப்படக்கூட வழி இல்லாமல் போயிற்று. பிறகு இன்னொன்றும் சொன்னார். “மத்தவங்களுக்கெல்லாம் ஆபீஸ்ல கிளார்க்கே சொல்லிருவார். நீங்க இம்புட்டுப் பிள்ளைங்களைக் கொண்டாந்து சேத்திருக்கீங்க. அதான் உங்களை நேர்ல கூப்பிட்டேன்.”

ஆக, மரியாதை செய்யத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் நான் நினைத்தது தப்பில்லை.

வெள்ளைத்தாளும் பேனாவும் என் பக்கம் தள்ளப்பட்டன. எழுத மாட்டேன் என்றால் ஃபெயில். அவள் கூடப் படித்தவர்கள் மேலே போக, அவள் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம். எழுதினால், பள்ளிக்கு இதில் சம்பந்தமே இல்லை, நானாக விரும்பிக் கூட்டிப்போகிறேன் என்று என் கையாலேயே சொன்னதாகிவிடும். ‘சொந்தக் காரணங்களை முன்னிட்டு’ என்று எழுதினேன். என் கையெழுத்துக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். அன்றைக்கும் முத்து முத்தாகத்தான் விழுந்தது. சோழவந்தான்காரரும் கிளார்க் மேஜை முன்னால் நின்று இதையேதான் எழுதிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தபோது முகம் சுட்டது. மகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அலுவலகத்தில் டி.சி. எழுதி முத்திரை போட்டு வாங்க ஒரு மணி நேரம் ஆனது. அதை ஒரு பழுப்புக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். மரத்தடியில் மச்சான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து முடித்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

“என்ன மாப்ள, ரொம்ப நேரமாப் பேசிட்டிருந்தீக. பெரிய எடத்துப் பழக்கம்ல” என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும். எம் பிள்ளைக்குக் கணக்குதான் கொஞ்சம் மட்டு. இங்கன போட்டாச் சமாளிச்சிருவாளா? நீங்க சொன்னாக் கையெழுத்தப் போட்டுர்றேன். வேணாம்னாலும் சொல்லுங்க, ஊர்ப்பக்கமே சேத்து விட்டுர்றேன்.”

அதைவிட நேராக ஒரு மனிதர் கேட்க முடியாது. வேண்டாம் மச்சான் என்று சொன்னால் போதும், அந்தப் பிள்ளை தப்பித்துவிடும். ஏன் என்று கேட்பார். கவரைக் காட்ட வேண்டும். உசிலம்பட்டி வரைக்கும் பேச்சு போகும். யுனிவர்சிட்டிக்காரர் மகளையே வெளியே அனுப்பிவிட்டார்களாம் என்பார்கள். என்னால் சேர்ந்த மற்றவர்களும் வாசலில் வந்து நிற்பார்கள். மகளின் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அந்த நிமிஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தது எனக்காகத்தான். சட்டைப் பையில் எதையோ தேடுகிறவன் போலத் துழாவினேன்.

மச்சான் பொறுத்துப் பார்த்துவிட்டு என் மகள் பக்கம் திரும்பினார். “மருமகளே, நீ சொல்லு தாயி. நீதான் உள்ள இருந்து படிக்கிறவ. ஸ்கூல் எப்புடி?”

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நல்ல ஸ்கூல் மாமா” என்றாள்.

மச்சான் விண்ணப்பத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குத் திரும்ப எல்லோருக்கும் ஒரே பஸ்தான். எங்களை இறக்கிவிட்டு அது உசிலம்பட்டிக்குப் போகும். மச்சானும் நானும் முன்சீட்டில். எங்கள் பின்னால் இரண்டு பெண்களும். கவர் என் மடியில் இருந்தது. காளவாசல் தாண்டட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அச்சம்பத்து வரட்டும் என்று நினைத்தேன். மச்சான் மழை, மாட்டுச் சந்தை என்று பேசிக்கொண்டே வந்தார். பின்னால் அந்தப் பிள்ளை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தது.

“மதினி, காலைல எத்தன மணி பஸ்ஸுக்குப் போகணும்?”

“ஏழே முக்கால்.”

“சாப்பாடு எங்கிட்டு உக்காந்து சாப்புடுவீக?”

“மரத்தடியில.”

“நானும் உங்ககூடயே வந்து உக்காந்துக்கிறேன் மதினி.”

“ம்” என்றாள் என் மகள். எனக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, என் மகள் அங்கே போகவில்லை என்றதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மச்சான் வந்தார், மகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர்ப்பக்கம் அதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அதிலிருந்து மாப்ள என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. ‘வாங்க’, ‘போங்க’ என்பதோடு சரி. என் மகள் வேறொரு பள்ளியில் பத்தாவது எழுதி, தட்டுத்தடுமாறி என்றாலும் முதல் தடவையே பாஸ் செய்தாள். அந்தப் பிள்ளையை அடுத்த மே மாதம் அவர்கள் ஒன்பதாவதோடு அனுப்பிவிட்டார்கள். கிளார்க்தான் சொல்லியிருக்கிறார். மச்சான் அவளை அதற்குமேல் எங்கேயும் சேர்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார். பத்திரிகை என் மனைவி பெயருக்கு வந்தது.

டி.சி. கவரோடு திரும்பிய அன்றைக்குப் புதுக்கோட்டை ஸ்டாப்பில் நானும் மகளும் இறங்கினோம். ஜன்னல் வழியாக அந்தப் பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே போனது. பஸ் போய்ப் புழுதி அடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, மாமாகிட்ட அப்படிச் சொன்னே?”

“நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்ப்பா. நீங்க ஒண்ணும் சொல்லல. அப்ப அதத்தான் சொல்லணும்போலன்னு நெனச்சேன்.”