குப்பை நசுக்கும் மெஷினும் என் முதுகும்

அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் ஊரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக் கிச்சனில், குப்பையை நசுக்கும் அந்தக் காலத்து மெஷின் ஒன்று இருந்தது. என் கணவருக்கு அது செல்லப்பிள்ளை.

இன்று காலை பக்கத்து வீட்டுத் தமிழ் அங்கிளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரக் குப்பையும் ஒரே பேக்ல அடங்கிடும் அங்கிள்."

"யாருப்பா வெளிய கொண்டுபோய் வைக்கிறது?"

"அதெல்லாம் அவ பாத்துப்பா."

அந்தப் பை கல்லாய்க் கனக்கும். போன மாதம் அதைத் தூக்கித்தான் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனவரே இவர்தான்.

நேராகக் கிச்சனுக்குப் போனேன். பையை இழுத்து வந்து அவர் காலடியில் போட்டேன். "இன்னிக்கு நீங்க கொண்டு போங்க."

அங்கிள் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. தெருவுக்குப் போகும் டிரைவ்வேயிலேயே இரண்டு முறை இறக்கி வைத்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "இவ்ளோ வெயிட்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

வாராவாரம் சொன்னேன்.

உங்கள் வீட்டில் பட்டனை அமுக்குவது யார், பையைத் தூக்குவது யார்?