பலகையில் ஏறிய ஓட்டம்

என் நாத்தனார் எனக்கு முப்பதாயிரம் தரவேண்டியிருந்தது. வட்டி கிடையாது, சொந்தத்தில் வட்டி வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. அதே மாதிரி அசலில் ஒரு காசு விட்டுக்கொடுத்த பழக்கமும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவர், போனவர்தான். அதற்குப் பிறகு அவள் எங்கள் சலவைக் கூடத்தின் பின்னறையில், சோப்புத்தூள் டிரம்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தாள். பல வருஷம் கழித்து, "அண்ணி, எனக்குன்னு ஒரு ரூம் வேணும், பூட்டுச் சாவி என் கையில இருக்கணும்" என்றாள். அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்தக் கடன்தான் இது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. இரண்டு வாளி, ஒரு இரவல் இஸ்திரிப்பெட்டி, இவ்வளவுதான் என் முதல். இன்றைக்கு இந்த ஊர் லாட்ஜுகளில் பாதி என் விரிப்பில்தான் தூங்குகிறது. இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வரும்.

எங்கள் கூடத்தில் பெரிய வேலை ரோலர் வேலை. சூடான இரண்டு உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈரவிரிப்பின் ஒரு முனையை ஒருத்தி, மறுமுனையை இன்னொருத்தி பிடித்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே விடவேண்டும். ஒருத்தி அரை மூச்சு முந்தினாலும் துணி கோணலாகப் போய் மடிப்பு விழுந்துவிடும். என் நாத்தனாரும் நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற உயரமான பெண்ணும் சேர்ந்து நின்றால் கோணல் என்ற பேச்சே இருக்காது. யார் எத்தனை விரிப்பு விட்டார்கள் என்று சுவர்ப் பலகையில் தினமும் நான் சாக்பீஸால் எழுதுவேன். கணக்கில்லாத இடத்தில் வேலை நடக்காது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆவியில் வெந்து சாயங்காலம் வீடு திரும்பும்போது எல்லோருடைய கையும் வேறு யாருடையதோ மாதிரி தொங்கும். மற்றவர்கள் போன வேகத்தில் விழுந்து தூங்கிவிடுவார்கள். இவளுக்கு மட்டும் தூக்கம் வராது. கண்ணை மூடினால் விரிப்பு வந்துகொண்டே இருக்கிறது என்பாள். அப்படி இருந்தவள்தான் ஒருநாள் விடிகிற நேரத்தில் பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

ஓட்டம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் வேன் டிரைவர் முதல் தடவை பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்: "அக்கா, உங்க நாத்தனார் ஓடுறாங்களா, இல்ல நின்ன இடத்துலயே குதிக்கிறாங்களா? ஒரு கிழவர் கைத்தடியோட அவங்களைத் தாண்டிப் போறாரு."

அவள் வந்ததும் நானும் விடவில்லை. "கடன் குடுத்தவ நான் இங்க உக்காந்திருக்கேன். நீ எங்கடி ஓடுற?"

"ஓடினா எங்க போகப் போறேன்? சுத்தி உங்க ஷட்டருக்குத்தானே வரேன்."

"அதுல என்ன வருது உனக்கு?"

"தூக்கம் வருது அண்ணி."

முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்த ஷூவைக் கழற்றிச் செருப்பை மாட்டுகிற வரைக்கும் அது இருக்கும்.

அந்தக் கடனைக் கொஞ்சம் குறைத்துவிடலாமா என்று எனக்கு ஒரு யோசனை இருந்துகொண்டே இருந்தது. சும்மா தள்ளுபடி செய்தால் மறுநாளே கூடம் முழுக்கக் கடன் கேட்டு வரிசையில் நிற்கும். அவளும் இலவசம் என்றால் வாங்க மாட்டாள், அந்த வீட்டுத் திமிர் அப்படி. அதனால் பலகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். அவள் பஸ் டிப்போ வாசலைத் தாண்டும்போது அங்கே டீ குடிக்கிற எங்கள் வேன் டிரைவர் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதிலிருந்து ஷட்டர் வரைக்கும் எவ்வளவு நேரம் என்று நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். போன வாரத்தைவிடக் குறைந்தால் கடனில் ஐந்நூறு கழியும்.

"சும்மா ஓடுறதுக்குக் காசா?" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நிஜமாவா அண்ணி?" என்றாள்.

"என் வாயில பொய் வந்து பாத்திருக்கியா?"

ஒப்புக்கொண்டாள். யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்?

கணக்கு நன்றாகத்தான் போனது. வாராவாரம் நேரம் குறைந்தது, கடனும் குறைந்தது. கூடத்தில் அவள் நேரத்தின் மேல் டீ பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். நாய் துரத்துகிற மாதிரி வந்து ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூச்சு வருவதற்கு முன்னாலேயே, "எவ்வளவு?" என்று கேட்பாள். நான் சொல்வேன். குறைந்திருந்தால் தலையை ஆட்டிவிட்டு ரோலருக்குப் போவாள். குறையவில்லை என்றால் அன்றைக்கு யாரோடும் பேச்சில்லை.

நாலாயிரம் கழிந்திருந்த சமயம் நெட்டை என்னிடம் வந்தாள். "அக்கா, ராத்திரி அவ தூங்குறதே இல்ல போல. கண்ணை மூடினா டிப்போ வாசல்தான் கண்ணுல நிக்குதாம். துணியை எனக்கு முன்னாடியே விட்டுடுறா."

"நீ உன் முனையை ஒழுங்கா புடி" என்றேன்.

அன்று மத்தியானமே நடந்தது. அவள் கண் ஒரு நொடி சொருகியிருக்கிறது. விட்ட விரிப்போடு விரலும் சேர்ந்து போனது. நெட்டை பாய்ந்து, ரோலரை நிறுத்துகிற சிவப்புக் கட்டையை அடித்தாள், உருளை நின்றது. இரண்டு விரல் நுனி வெந்ததோடு போயிற்று. நின்ற உருளையின் சூட்டில் விரிப்பின் குறுக்கே பழுப்பாக ஒரு பட்டை விழுந்தது. நான் விரலைப் பார்த்தேன், விரிப்பைப் பார்த்தேன், வாய்க்கு வந்தபடி கத்தினேன். பயந்துபோனால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

மருந்து போட்டு அழுக்குத் துணி மூட்டைமேல் உட்காரவைத்தோம். அவள் சுவர்ப் பலகையைப் பார்த்தாள்.

"அண்ணி, பலகைல இருந்து என்னை அழிச்சிடுங்க."

"ரெண்டு நாள் வேலைக்கு வராத. அழிக்கிறதெல்லாம் எதுக்கு?"

"விரிப்புக் கணக்கு இருக்கட்டும். ஓட்டத்தைச் சொல்றேன்."

"இன்னும் எவ்வளவு பாக்கின்னு ஞாபகம் இருக்கா? இப்படியே போனா சீக்கிரம் தீந்துடும்டி."

"ஞாபகம் இருக்கு. ரோலர் உங்களுது, அது சுத்துற வேகத்துக்கு நான் ஆடுறேன், சம்பளம் வாங்குறேன். கால் என்னுது அண்ணி." குரலில் கோபமே இல்லை, அலுப்புதான் இருந்தது. "நாள் முழுக்க என்னை யாராவது எண்ணிக்கிட்டே இருக்காங்க. காலைல அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் யாரும் எண்ணல. அதை ஐநூறு ஐநூறா வித்துட்டேன். மிச்சத்தையாவது காப்பாத்திக்கிறேன்."

இந்த மாதிரி இடத்தில் நான் வழக்கமாக எழுந்து போய்விடுவேன். அன்றைக்கு முட்டி வலி, எழுந்திருக்க முடியவில்லை. அவளே ஈரத்துணியை எடுத்து, கட்டுப்போடாத கையால் அந்தக் கோட்டைத் துடைத்தாள்.

விரல் ஆறும்வரை ஓடவில்லை. ஆறியபிறகும் சில நாள் ஷூ வாசலில் கிடந்தது. பிறகு ஒருநாள் நான் ஷட்டரைத் தூக்க முடியாமல் தூக்கி, மூச்சு வாங்கி நிற்கையில், தெருமுனையில் அவள் வந்தாள். அதே நின்ற இடத்துக் குதிப்பு. பாதி வழியில் நின்று லேஸைக் கட்டினாள். ஒரு தெருநாயிடம் ஏதோ சொன்னாள். பிறகு மறுபடி தொடங்கினாள். என் பக்கத்தில் வந்தும் "எவ்வளவு?" என்று கேட்கவில்லை. கடிகாரம் என் தலைக்குமேல்தான் இருந்தது. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னடி, தூக்கம் வந்துச்சா?"

"கூப்பிட்டது கூட எனக்குக் கேக்கல. பக்கத்து ரூம்காரங்க கதவைத் தட்டிப் பாத்துட்டுப் போயிருக்காங்க."

அதற்கப்புறம் விரிப்பு நேராகத்தான் போனது.

கடன் மெதுவாக இறங்கியது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை, தானே சேர்த்துத் தருகிறேன் என்றாள். கடைசித் தவணை கொடுக்க வந்த அன்று எனக்கு உடம்பே முடியவில்லை. காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டு மேசைக்குப் பின்னால் கிடந்தேன். அவள் வைத்த கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நோட்டுக் கட்டைத் தொட்டவுடனே கனம் தெரியும் எனக்கு.

"கூட இருக்குடி."

"சரியாத்தான் இருக்கு."

"எனக்கா கணக்கு சொல்லித் தர?"

"ஓட்டத்துக்குன்னு நாலாயிரம் கழிச்சீங்களே, அதுவும் சேத்து."

"அது நீ சம்பாதிச்சது. கழிச்சது கழிச்சதுதான், நான் பேச்சு மாற மாட்டேன்."

"நீங்க மாற வேண்டாம், வித்ததை நான் காசு குடுத்துத் திரும்ப வாங்கிக்கிறேன். ஓட்டம் முழுசா என்கிட்ட இருக்கட்டும் அண்ணி."

இத்தனை வருஷத் தொழிலில் என்னிடம் ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு, குறைத்துக் கேட்டவர்கள் உண்டு. கழித்த காசைத் திரும்பக் கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான். அந்த வீட்டுக்கு வாழ வந்த நான் பெரியவளா, அந்த வீட்டில் பிறந்த இவள் பெரியவளா என்று எங்களுக்குள் ரொம்ப நாள் போட்டி. நான்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தச் சாயங்காலம் சொல்லவில்லை.

"வெச்சுட்டுப் போ, அப்புறம் எண்ணிக்கிறேன்."

"வேண்டாம். நீங்க கட்டை விரல்ல சரசரன்னு தள்ளிடுவீங்க. கையை நீட்டுங்க."

நீட்டினேன். அவள் ஒவ்வொரு நோட்டாக எடுத்தாள். மடிப்பை நீவி, என் உள்ளங்கையில் வைத்து, அடுத்ததை எடுத்தாள். ஓடுகிற அதே வேகம். என் கை அலுத்துத் தாழ்ந்தும் அவசரப்படவில்லை. நானும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. கடைசி நோட்டு விழும்வரை கையை விரித்தபடியே வைத்திருந்தேன்.