துண்டுக்கடியில் ஐந்து விரல்

மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தைக் கிளப்பினால், அது பிடித்தவன் கையை உதறிவிட்டு எதிரே நிற்பவன் காலை நோக்கி ஓடிவரும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் என் விறகுக் கடைக்கு ஒரு பழைய ரம்பம் வாங்க வாணியம்பாடி போனேன்.

விற்றவர் ஒரு தோல் தரகர். மடித்துக் கட்டிய லுங்கி, மருதாணிச் சிவப்பில் தாடி, சிரிப்பே வராத முகம். எதை விற்றாலும், தோல் விற்பது போலவே துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். பிடிக்கிற விரல் ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு ரூபாய்; பிடித்தபின் பேச்சு மாறக்கூடாது. வாயால் விலை சொல்வது அவருக்கு அசிங்கம்.

என் பையில் இரண்டாயிரத்து ஐந்நூறு இருந்தது. அதில் ஆயிரம் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற வைத்தது. ஆகவே மூன்று விரலுக்கு மேல் போவதில்லை என்ற வைராக்கியத்தோடு ரம்பத்தின் பல்லைத் தடவினேன். பெட்ரோல் மூடியை மோந்து பார்த்தேன்.

"செயின் லூசா கீதே பாய்?"

"ஓடவுட்டுக் காட்றேன், பாருங்க மொதலாளி" என்று எங்கள் இருவர் கைகள் மீதும் துண்டைப் போட்டார்.

அவருடைய ஆள் கயிற்றை இழுத்தான். ரம்பம் அலறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, கையில் அகப்பட்டதை இறுகப் பிடித்தேன்.

சத்தம் நின்றது.

"அஞ்சா?" என்றார் பாய். "மூணுக்கே குடுத்திருப்பேன். பெரிய மனசுதான் உங்களுக்கு."

"பயத்துல புடிச்சிட்டேன் பாய்."

"யேவாரத்துல எல்லாரும் பயத்துலதான் புடிக்கிறாங்க" என்றார், முகம் மாறாமல்.

அவர் கேலி செய்தாரா, ஆறுதல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரம்பம் மட்டும் அந்த ஆளின் கையைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நான் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.