உங்கள் புகார் கிடைத்தது

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்கு எழுதிப்போட வேண்டும் என்றாள். அந்தக் கம்பெனியின் இணையதளத்தைத் திறந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. சிரிக்காதீர்கள். அந்தக் கம்பெனி வாசலை நான் மிதித்ததே இல்லை. ஆனால் பக்கம் என்னுடையது, பொத்தானின் அந்த அசட்டுப் பச்சை உட்பட.

வேலூர் லாங் பஜாரில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். கீழே மூட்டை பிரித்தால் மேலே நாலு பேரும் தும்முவோம். தும்மிக்கொண்டே ஷூ கம்பெனிகளுக்கு இணையதளம் செய்வோம். செய்வோம் என்பது பெரிய வார்த்தை. ‘மாதிரி’ என்று ஒரு ஃபோல்டர். புதுக் கம்பெனி வந்தால் அதை அப்படியே காப்பி எடுத்து, பேரையும் ஷூ படத்தையும் மாற்றி மத்தியானத்துக்குள் முடிப்போம். ஒருமுறை போன் நம்பரை மாற்ற மறந்துவிட்டேன். ஒரு முதலாளிக்கு வர வேண்டிய அழைப்பெல்லாம் அவர் மச்சான் கம்பெனிக்குப் போயின. இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு உருதுவிலும் தமிழிலும் திட்டு விழுந்தது.

அந்த ஃபோல்டரில் உருப்படியான ஒன்று, ஸ்டெல்லா செய்த புகார்ப் பக்கம். ஸ்டெல்லா எங்களோடு வேலை பார்த்தவள், ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். அவள் அக்கா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். தொழிலாளிகள் புகார் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் கேட்டதால், ஒரு முதலாளி எங்களிடம் வந்தார். நான் பதினைந்து கட்டம் போட்டேன். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னாண்ணா இது, ரேஷன் கார்டுக்கா எழுதிப் போடறாங்க? லைனை விட்டு எழுந்தா சூப்பர்வைசர் கேப்பான். பாத்ரூம்ல நின்னு போன்லதான் எழுதணும். ரெண்டு நிமிஷத்துல முடியணும்.”

ஒரே கட்டம் வைத்தாள். பெயர் தேவையில்லை. பொத்தானை அமுக்கினால் ‘உங்கள் புகார் கிடைத்தது, நன்றி’ என்று வரும். மறுநாளே காட்ட வேண்டும் என்று முதலாளி பறந்தார். எழுதியதை யாருக்காவது அனுப்பி வைக்கிற வேலை என்னுடையது. அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறந்தே போனேன். அப்படியே அது ‘மாதிரி’க்குள் போய், அங்கிருந்து கம்பெனி கம்பெனியாகப் போயிற்று, ஸ்டெல்லாவின் அக்கா வேலை பார்த்த கம்பெனிக்கும்.

ஒரு வருஷம் கழித்து ஸ்டெல்லா கேட்டாள்: “அண்ணா, எங்கக்கா மூணு தரம் எழுதிட்டா. ஒண்ணும் நடக்கல. அது யாருக்குப் போவுது?”

திறந்து பார்த்தேன். யாருக்கும் போகவில்லை. எங்கும் சேமித்தும் வைக்கவில்லை. நன்றி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்று எல்லாக் கம்பெனிக்கும் போன் போட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அக்கா கம்பெனி மேனேஜர் மட்டும் மனம்விட்டுப் பேசினார். “அட்ரஸ் குடுத்தா யாராவது படிக்கணும் சார். படிச்சா பதில் சொல்லணும். பேஜார் பண்ணாதீங்க.” நானும் விட்டுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆபீஸ் மூடி வருஷங்கள் ஆகின்றன. எங்கள் ஃபோல்டரை யார் யாரோ காப்பி எடுத்து, அதையும் காப்பி எடுத்து, இன்னும் ஓட்டுகிறார்கள். போன வாரம் புகார்ப் பக்கத்தின் நிரலுக்குள் எட்டிப் பார்த்தேன். ‘அப்புறம் சேர்க்கணும்’ என்று நான் எழுதிவைத்த குறிப்புகூட அழியாமல் இருந்தது. வேலை கேட்கிற பக்கத்தில் எழுதுவது மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை அனுப்பிக் கொடுத்தேன். புகார்ப் பக்கத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

மனசு கேட்காமல் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அக்கா அன்றைக்கு என்னதான் எழுதினாள்?

“எங்கிட்ட சொல்லவே இல்லண்ணா. ‘அதான் எழுதிட்டேனே’ன்னு சொல்லிட்டா. அப்புறம் வேலைய விட்டுட்டா. இப்பக் கேட்டாலும் எழுந்து உள்ள போய்டறா.”

மூன்று தடவை எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வார்த்தைகூட இன்று எங்கும் இல்லை.